ஏலக்கூடத்து நாலு தூணும் என் கையெழுத்தும்

கோட்டை பைரவர் துணை

திருமயம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் நிலவழகனுக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், மனசு எப்படி இருக்கிறது என்பதைக் கீழே படித்தால் உனக்கே தெரியும். மஸ்கட் வெயிலில் நீ தலையில் துணி கட்டிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நம்புவதைத் தவிர நான் வேறு என்ன செய்ய. இந்தக் கடிதம் ரொம்பத் தாமதம்தான். நீ போனில் கோபித்துக்கொண்டு வைத்த மறுநாளே எழுத உட்கார்ந்தேன், விஷயம் ஒரு முடிவுக்கு வராமல் எழுதினால் வெறும் அழுகையாகப் போய்விடும் என்று மூடி வைத்துவிட்டேன். இப்போது முடிந்துவிட்டது. லீவு முடிந்து உங்கள் கம்பெனிக்கே திரும்பும் பிரவீன்குமாரிடம் முறுக்கு டப்பாவோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். நீ என்னிடம் இரண்டு விஷயம் கேட்டாய். சித்தப்பா நீட்டுகிற தாளில் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றாய், உன் கோர்ஸின் கடைசிப் பரீட்சையையும் நானே எழுதிவிட வேண்டும் என்றாய். இரண்டுக்கும் முடியாது என்பதுதான் என் பதில். போனிலேயே சொல்லியிருப்பேன், நான் முடியாது என்று ஆரம்பித்தால் உனக்குச் சிக்னல் போய்விடும், அப்பா பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமுவார். காகிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. எனவே உட்கார்ந்து முழுக்கப் படி.

எல்லாம் நீ ஆரம்பித்து வைத்ததுதான். உங்கள் கம்பெனியில் அடுத்த படிக்குப் போக வேண்டுமென்றால் கட்டுமானத் துறைக்கான ஒப்பந்தச் சட்டமும் தொழில் நெறியும் படித்த சான்றிதழ் வேண்டும் என்று பணம் கட்டிச் சேர்ந்தாய். சேர்ந்த வாரமே, சைட்டிலிருந்து வந்தால் கண்ணைக் கட்டுதும்மா, நீங்க பி.காம்.தானே, இந்தச் சட்டமெல்லாம் படிச்சதுதானே, என் ஐடியில் போய் வகுப்பைக் கேட்டு டெஸ்ட்டை மட்டும் போட்டு விடுங்க என்றாய். பள்ளிக்கூட நாளில் உனக்கு மேப் வரைந்து கொடுத்துப் பழகிய கை, யோசிக்காமல் சரி என்றுவிட்டது. கல்லூரி இரண்டாம் வருஷத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது உனக்குத் தெரியும், ஒப்பந்தச் சட்டப் பரீட்சை அன்று நீ வயிற்றுக்குள் உதைத்த உதையில் பேனா கோணியதையும் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் படிப்பை நான் எதற்கும் எடுக்கவில்லை. இப்போது மாவு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தவள், நிறுத்த முடியாமல் ஆகிவிட்டேன். அப்பா நான் ஏதோ சீரியல் பார்க்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். டெண்டரில் சொன்ன பொருளுக்குப் பதில் வேறு பொருள் போட்டால் யார் பொறுப்பு, கட்டி முடித்த பிறகு குறை தெரிந்தால் எத்தனை காலம் வரை பொறுப்பு, படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால் கோர்ட்டில் அது ஏன் நிற்காது என்றெல்லாம் கதை மாதிரி சொன்னார்கள். தொழில் நெறி வகுப்பில் அந்த வாத்தியாரம்மா ஒன்று சொன்னார், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது இரண்டே பேர், ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே நிற்கப்போகிறவர்கள் யாரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பொறுப்பு என்று. அன்று ரசம் பொங்கி அடுப்பு அணைந்துபோனது. டெஸ்ட் போட்டேன், நல்ல மார்க். வாழ்த்துகள் நிலவழகன் என்று திரையில் வந்தது. எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள், திரும்ப வருவேன்.

செல்வராணி கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் எப்படி என் பேருக்கு வந்தது என்று நீ சின்னப் பிள்ளையில் கேட்பாய். அப்பா பேரில் தொழில் ஆரம்பித்தால் நிற்காது, வீட்டம்மா பேருக்குத்தான் ராசி என்று ஜோசியர் சொல்லிவிட்டார். நம் பக்கத்துக் கான்ட்ராக்டர்களில் பாதிப் பேர் வீட்டில் இதுதானே நடக்கிறது, போர்டில் பெண்டாட்டி பேர், பைக்கில் புருஷன். என் ராசிதான் வேலைக்குப் போனதே தவிர நான் ஒரு நாளும் போனதில்லை. அப்பாவோடு சைட்டைக் கவனிக்கிற சித்தப்பா தாளைக் கொண்டு வருவார், நான் கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்து, அவர் விரல் வைக்கிற இடத்தில் எல்லாம் போட்டுக் கொடுப்பேன். என்ன தாள் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கோட்டைப்பட்டினத்தில் மீன் ஏலக்கூடம் கட்டுகிற வேலை நமக்குக் கிடைத்ததற்கும் அப்படித்தான் போட்டேன்.

வகுப்பில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள், ஏதாவது ஒரு கட்டுமான இடத்துக்கு நேரில் போய், ஒப்பந்தத்தில் சொன்னதும் அங்கே நடப்பதும் ஒன்றா என்று பார்த்து எழுத வேண்டும். உன் வீட்டுப்பாடம்தான் தம்பி, உனக்காகத்தான் போனேன். அப்பாவிடம் என் பேரில் நடக்கிற வேலையை ஒரு நாளாவது பார்க்கிறேனே என்றதும், சரி கடற்காற்று வாங்கிட்டு வா என்று கூட்டிப் போனார். அறந்தாங்கி தாண்டியதிலிருந்து வாய் நிறையப் பாட்டுத்தான் அவருக்கு. தூண் நாலும் எழும்பி நின்றது, பார்க்க அழகாகத்தான் இருந்தது, நானே போன் எடுத்துப் படம் பிடித்தேன். மதியம் சாப்பாட்டுக்குக் கை கழுவ இருளாயி என்கிற சித்தாள் டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினாள். சோப்பைத் தேய்க்கிறேன் தேய்க்கிறேன், நுரையே வரவில்லை, திரிதிரியாய்க் கையில் ஒட்டுகிறது. நாக்கில் வைத்தேன், உப்பு. அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சோப்பு பாவம்மா, இங்கிட்டு வந்து அது மானம் போகுது, குடிக்கிறதுக்குன்னா வேற கொடம் இருக்கு என்றாள். அப்போ இது எதுக்கு என்றேன். கலவைக்குத்தான், தூணு மேல ஊத்துறதுக்கும் இதுதான், பக்கத்துல போட்ட போரு என்றாள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன். நம் டெண்டரில் கலவைக்கு நல்ல தண்ணீர்தான் பயன்படுத்த வேண்டும் என்று தனி வரியே போட்டிருக்கிறது, முந்தின வாரம்தான் அந்தப் பாடத்துக்காக நம் தாளையே எடுத்துப் படித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன், சண்டை. நல்ல தண்ணி லாரி அந்த வாரம் வரலை, கான்கிரீட் போட ஆளு வந்து நிக்குது, நான் என்ன பண்றது மதினி என்று சித்தப்பா முதலில் பொறுமையாகத்தான் சொன்னார். அப்பாதான் குதித்தார். கடலுக்குக் கூப்பிடு தூரத்துல நிக்கிற கட்டடம், காலம்பூரா உப்புக்காத்தத்தான் குடிக்கப்போகுது, அதுக்கு நான் மினரல் வாட்டர் வாங்கி ஊத்துறதா என்றார். வெளியிலிருந்து வருகிற உப்பிலிருந்து கம்பியைக் காப்பாற்றத்தானே சுற்றி சிமெண்டு போடுறோம், அந்தச் சிமெண்டுக்குள்ளேயே உப்பை வச்சு மூடினா கம்பி எங்கிட்டுப் போய் ஒளியும் என்று கேட்டேன். பதில் இல்லாத இடத்தில்தானே கேலி வரும், வக்கீலம்மா சாப்பாடு போடுவீங்களா இல்ல அதுக்கும் நோட்டீஸ் விடணுமா என்றார் சித்தப்பா. இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரு வாரம் போனதும் சித்தப்பா அந்தத் தாளைக் கொண்டுவந்தார், தூண் வேலை முழுக்க ஒப்பந்தப்படிதான் நடந்தது, பொருளும் தண்ணீரும் சொன்ன தரத்தில் இருந்தன என்று கம்பெனி உரிமையாளர் உறுதி சொல்கிற தாள். வழக்கம்போல் விரலை வைத்துக் காட்டினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுக்கப் படித்தேன், படித்துவிட்டு இது பொய், போட மாட்டேன் என்றேன். அன்றுதான் அப்பா உனக்குப் போன் போட்டார், நீயும் என்னிடம் பேசினாய். எல்லா சைட்டுலயும் இப்படித்தாம்மா, நீங்க ஏன் தலையைக் குடுக்கிறீங்க என்றாய். என் பிள்ளை வாயிலிருந்து அது வந்ததுதான் எனக்குச் சித்தப்பா கேலியைவிடச் சுருக்கென்றது.

நீ போனை வைத்த பிறகு சித்தப்பா ஒரு வார்த்தை சொன்னார். விடுங்கண்ணே, மதினி கையெழுத்து மதினியவிட எனக்கு நல்லா வரும், நான் போட்டுக்கிறேன் என்றார். விளையாட்டு மாதிரிதான் சொன்னார். நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போ இதற்கு முன்னாலும் போட்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது, எத்தனை தாளில் என்று கேட்கவில்லை, கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. என் பேர் என் வீட்டிலேயே எனக்குத் தெரியாமல் வெளியே போய் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறது. அது நாலு தூணைத் தூக்கி நிறுத்தி, அதன் மேல் கூரை போட்டு, அதற்குக் கீழே தினமும் விடியலில் கூடையோடு வந்து உட்காரப் போகிற பொம்பளைகளிடம் பயப்படாதீங்க நல்லாத்தான் கட்டியிருக்கோம் என்று சொல்லப்போகிறது. நான் சொன்னதாக. அந்த இடத்தில்தான் எனக்கு ஆத்திரம் வந்தது, அதுவரைக்கும் வெறும் பயம்தான்.

பயப்படாமல் போனேன் என்று நினைத்துவிடாதே. மறுநாள் நமக்கு டெண்டர் கொடுத்த ஆபீசுக்குப் போகப் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன், பைரவர் கோயில் பக்கம் வண்டி நின்று டிரைவர் தேங்காய் உடைத்தபோது இறங்கி வீட்டுக்கே போய்விடலாமா என்றுகூட இருந்தது. அப்பாவின் பிழைப்பைக் கெடுக்கிறேனோ, இனி வேலை கிடைக்காதோ, நீ பேசாமல் இருந்துவிடுவாயோ என்று மனசு எங்கெங்கோ போய் வந்தது. ஆனாலும் இறங்கவில்லை. ஆபீசில் அந்த வேலையைப் பார்க்கிற உதவிப் பொறியாளர் ராஜலட்சுமி என்று ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். பேரைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, செல்வராணினா நீங்கதானா, நான் யாரோ வயசான அம்மா பேருல நடக்குதுன்னுல்ல நெனச்சேன் என்றார். நானே கைப்பட எழுதிக்கொண்டு போன கடிதத்தைக் கொடுத்தேன். நாலு தூணுக்கும் உப்புத் தண்ணீர் பயன்படுத்தியிருக்கிறார்கள், சோதித்துப் பாருங்கள், தப்பு என்றால் என் பொறுப்பில் இடித்துக் கட்டித் தருகிறேன், இனிமேல் நான் நேரில் வந்து போடாத எந்தக் கையெழுத்தும் என்னுடையது இல்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். பொதுவா கான்ட்ராக்டர் மறைப்பாங்க, நாங்க தேடுவோம், நீங்களே வந்து சொல்லிட்டா அப்புறம் எங்களுக்கு என்ன வேலை மேடம் என்று சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, வீட்டுல தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். போய்த்தான் சொல்லணும் என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

வந்து சொன்னேன். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் இன்னும் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்பா சத்தம் போடவில்லை, பேச்சையே நிறுத்திவிட்டார். உப்பு வேண்டுமென்றால்கூடக் கேட்காமல் எழுந்து போய் எடுத்துக்கொள்வார். ஊருக்குள் விஷயம் போய், பெண்டாட்டி புருஷன் மேலயே கம்ப்ளெய்ண்ட் குடுத்துட்டாளாம் என்று ஆனது, கோயிலில் பார்த்தவர்கள் விசாரிக்கிற மாதிரி வந்து வாயைப் பிடுங்கினார்கள். நான் கம்ப்ளெய்ண்ட் குடுத்தது என் மேல, கம்பெனி என் பேரில் இருக்கு என்று எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன். தூணைத் துளைத்து எடுத்துப் போய்ச் சோதித்ததில் உப்பு அளவுக்கு மேல் இருப்பதாக வந்துவிட்டது. இடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

இடிக்கிற அன்று நானும் போய் நின்றேன். அப்பா வண்டியில் ஏறச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, நானாக ஏறிக்கொண்டேன். மீன் விற்கிற பொம்பளைகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஏத்தா, கட்டுறதும் நீதான் இடிக்கிறதும் நீதானா, எங்க வீட்லயும் கோணலா ஒரு சொவரு நிக்குது, கையோட வந்து இடிச்சுக் குடுத்துட்டுப் போறியா என்று ஒருத்தி கேட்டாள். உச்சி வெயிலில் எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அப்பாதான் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார். சிமெண்டு பெயர்ந்து விழுந்ததும் போய்க் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். அதற்குள்ளேயே புள்ளி புள்ளியாய்ச் செம்மண் நிறம். அப்பாவைக் கூப்பிடவில்லை. அவராகவே பின்னால் வந்து நின்று, குனிந்து பார்த்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார். வேட்டியில் அந்தக் கறை இன்னும் போகவில்லை, நானும் ரொம்ப அழுத்தித் துவைக்கவில்லை.

புதுத் தூணுக்குக் கான்கிரீட் போட்டபோது நல்ல தண்ணி லாரி வந்து நின்றது. ஆட்கள் பைப்பை இழுக்கப் போனார்கள், அப்பா இருங்கப்பா என்று கையைக் காட்டி நிறுத்தினார். இருளாயியிடம் போய்ச் சோப்பு இருக்காத்தா என்று கேட்டு வாங்கி, லாரித் தண்ணீரில் கையை நனைத்து, நின்ற இடத்திலேயே முழங்கை வரைக்கும் தேய்த்தார். நுரை பொங்கி வழிந்தது. ஐயா கான்கிரீட் போடப் போறாரா குளிக்கப் போறாரா என்று அவள் கேட்டாள். அவர் அதைக் காதில் வாங்காமல் நேரே என்னிடம் வந்து, நுரையோடு இரண்டு கையையும் நீட்டி, போதுமா கான்ட்ராக்டரம்மா என்றார். அத்தனை நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். போதும் என்றேன். இப்போது ஒவ்வொரு லாரிக்கும் அப்படித்தான் செய்கிறார். என் மேல் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், நஷ்டம் நஷ்டம்தான், அதை நினைக்கும்போது முகம் சுருங்குகிறது, சுருங்கட்டும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் பேரில் வந்த அந்த வாழ்த்து, சித்தப்பா என் கையெழுத்தைப் பற்றிச் சொன்ன அன்றுதான் எனக்கு உறைத்தது. என் பேரில் அவர் என்ன செய்தாரோ அதைத்தானே உன் பேரில் நான் செய்துகொண்டிருக்கிறேன். அதுவும் எந்தப் பாடத்தில், தொழில் நெறியில்! அவரை நான் கோபித்துக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் இதை நிறுத்த வேண்டும். அதனால் கடைசிப் பரீட்சையை நான் எழுத மாட்டேன், நீ அழுதாலும் மாட்டேன், அப்பாவை விட்டுப் பேசச் சொன்னாலும் மாட்டேன். இதுவரை போட்ட டெஸ்ட்டெல்லாம் நீ எழுதியது இல்லை என்று அவர்களுக்குத் தெரிவித்து, திரும்ப எழுத வாய்ப்புக் கேள். நானே ஒரு மெயில் போட்டுவிட்டால் அது உன் பேரில் நான் செய்கிற இன்னொரு காரியம் ஆகிவிடும், எனவே நீதான் எழுத வேண்டும். பதவி உயர்வு தள்ளிப்போனால் போகட்டும். கான்ட்ராக்டர் வீட்டுப் பிள்ளை கொஞ்ச நாள் பழைய சம்பளத்தில் இருந்தால் குடி முழுகிவிடாது. நான் அடுத்த பேட்ச்சில் என் பேரில், என் போட்டோ ஒட்டிச் சேர்ந்துவிட்டேன், முதல் பாடத்திலிருந்து. சந்தேகம் இருந்தால் கேள், சேர்ந்து படிப்போம், ஆனால் பரீட்சை அவரவருக்கு.

அதைவிட ஒரு கவலை எனக்கு இருக்கிறது ராசா. போன மாசம் உன் சைட்டில் வேலை சரியாக நடந்ததா என்று பார்க்கிற அத்தனை செக்லிஸ்ட்டையும் ஒரே மதியத்தில் டிக் அடித்து முடித்தேன் என்று பெருமையாகச் சொன்னாய், நானும் என் பிள்ளை எவ்வளவு சுறுசுறுப்பு என்று எதிர்வீட்டில் போய்ச் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒரு மதியத்தில் அத்தனை இடத்தையும் நடந்து பார்த்திருக்க முடியுமா? அந்தக் கட்டடத்தில் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்று உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, எந்த ஊர்க்காரர்களோ, என்ன பாஷை பேசுவார்களோ. உன் மேலதிகாரி அவசரப்படுத்தினால் பார்த்துவிட்டுப் போடுகிறேன் சார் என்று சொல், பயமாக இருந்தாலும் சொல், பயத்தோடேயே சொல்ல முடிகிறது, நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். வேலையை விட்டே அனுப்பினால் வீட்டுக்கு வா. செல்வராணி கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸுக்கு ஒழுங்கான என்ஜினியர் ஒருத்தர் வேண்டியிருக்கிறது, சித்தப்பா இடம் காலியாகத்தான் கிடக்கிறது.

கோபித்துக்கொள்கிறதென்றால் கோபித்துக்கொள், சாப்பிடாமல் மட்டும் கோபித்துக்கொள்ளாதே. டப்பாவில் மேலே முறுக்கு, கீழே பருப்புப் பொடி, ஓரத்தில் பொட்டலம் கட்டியிருப்பது சுண்டைக்காய் வற்றல், அறைக்காரப் பையன்களுக்கும் கொடு. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. அப்பாவுக்கு நீயாகப் போன் போட்டு வேலை எப்படிப் போகுது என்று மட்டும் கேள், சோப்புக் கதையை அவர் வாயால் கேட்க வேண்டும், நன்றாகச் சொல்கிறார். நீ நீண்ட ஆயுளோடு, நிமிர்ந்த முதுகோடு, ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிற பிள்ளையாக இருக்க வேண்டும், கோட்டை பைரவர் பார்த்துக்கொள்வார். எதில் கையெழுத்துப் போட்டாலும் உட்கார்ந்து படித்துவிட்டுப் போடு, மறக்காதே. ஏலக்கூடத்துக்குக் கூரை போட்டதும் அந்த உறுதித் தாள் மறுபடி வரும், அப்போது நேரில் போய் நானே போடுவேன். அதற்கு முன்னால் கீழே இருப்பதை நன்றாகப் பார்த்துக்கொள் தம்பி, என் கையெழுத்து இப்படித்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆ. செல்வராணி
ஒப்பந்ததாரர், திருமயம்